பாட்டிமார் நினைவில் கிருஷ்ணன்கோவில்

மதுரையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுவதற்குச் சற்று முன்னே, வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் இடம் கிருஷ்ணன்கோவில். வெளியூர்ப் பிள்ளைகளிடம் இப்பெயரைச் சொன்னால் இன்று அவர்கள் நினைவுக்கு வருவது பல்கலைக்கழகமே. 1984ஆம் ஆண்டில் கலசலிங்கம் பொறியியற் கல்லூரி இங்கே தோன்றி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதைச் சுற்றி விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் பெருகின. ஆனால் இப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களையும், வாழ்க்கைப்பட்டு வந்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் கிருஷ்ணன்கோவில் வேறு. அதில் கல்லூரி இல்லை. கமலைக் கிணறு உண்டு. மாட்டுவண்டித் தடம் உண்டு. வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டும் சிறுமி உண்டு.

இந்த ஊரை எந்தப் பாடநூலிலும் படிக்க முடியாது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது எளிது, கேட்டதைச் சரியாகப் புரிந்துகொள்வதற்குத்தான் சிறிது பழக்கம் வேண்டும். மாணவியர்க்கு அப்பழக்கத்தை விளக்கவே இக்கட்டுரை. பெற்றோர் படித்தாலும் நல்லதே. கேள்விகள் அவர்களிடம்தானே வரப்போகின்றன!

முதலாவது, நம் பெரியவர்கள் ஆண்டுக் கணக்குச் சொல்வதில்லை. “அது எந்த வருஷம் பாட்டி?” என்றால், “அதெல்லாம் யாரு கண்டா” என்று கையை விரித்துவிடுவார்கள். உடனே பாட்டிக்கு ஒன்றும் நினைவில்லை என்று நோட்டுப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. உங்கள் பெரியப்பா கைப்பிள்ளையாக இருந்தபோது, மூத்த அத்தை சமைந்த வருஷம், தனுஷ்கோடிப் புயல் அடித்த வருஷம் என்று அவர்களுக்கென்று வேறு கணக்கு உண்டு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு. அன்றைக்கு நம் பகுதியும் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன என்பதை இக்காலப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நாம் காமராஜர் மாவட்டத்தினர் ஆனோம். 1997இல் தலைவர்கள் பெயர்களை மாவட்டங்களிலிருந்து நீக்கியபோது விருதுநகர் மாவட்டத்தினர் ஆனோம். ஒருவர் தம் திருமண அழைப்பிதழைக் காட்டும்போது, அதில் எந்த மாவட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தேதி கிழிந்திருந்தாலும் காலம் தெரிந்துவிடும்.

தமிழ் வருடப் பெயரில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876இல் தொடங்கித் தென்னாட்டையே உலுக்கிய கொடும்பஞ்சம் அது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1936இலும் தாது வந்தது, 1996இலும் வந்தது. “தாது வருஷத்தில் எங்க அம்மா பிறந்தா” என்று ஒரு முதியவர் சொன்னால் அது பஞ்சத்துத் தாது அன்று, அதற்கடுத்த தாது. இதைக் கவனியாமல் எழுதினால் கொள்ளுப்பாட்டிக்கு நூற்றைம்பது வயதாகிவிடும்!

காசு இதைவிட நல்ல சாட்சி. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்று முதல் நூறு நயா பைசா. ‘நாலணா’, ‘எட்டணா’ என்ற சொற்களை வைத்துக் காலத்தைச் சொல்ல இயலாது. இருபத்தைந்து பைசாவையும் ஐம்பது பைசாவையும் அப்படியே அழைத்துக்கொண்டு நாம் நெடுங்காலம் இருந்துவிட்டோம். ஆனால் காலணாவுக்கு என்ன வாங்கினேன், அரையணாவுக்கு என்ன வாங்கினேன் என்று ஒருவர் சொல்லும்போது நாம் பழைய காலத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள். நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா இன்னும் துல்லியமானது. அது 1943 முதல் 1947 வரையே அச்சிடப்பட்டது. அதை நூலில் கோத்து இடுப்பில் முடிந்துகொண்டு கடைக்குப் போனதாகச் சொல்பவர் உலகப் போர்க் காலத்தையோ அதையடுத்த சில ஆண்டுகளையோ பார்த்தவர். படி, உழக்கு, வீசை, பலம் என்று பேசுவோரையும் இவ்வாறே கணிக்கலாம். மெட்ரிக் எடைகள் 1958 முதல் படிப்படியாக வந்தன. ஆயினும் நம் பக்கத்துச் சமையலறைகளில் உழக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை!

பேருந்தும் காலம் சொல்லும். “டி.வி.எஸ். பஸ்ஸில் மதுரைக்குப் போனோம்” என்றால் அது பெரும்பாலும் 1972க்கு முந்திய செய்தி. அவ்வாண்டில்தான் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. “பாண்டியன் பஸ்” என்றால் 1972க்கும் 1997க்கும் இடைப்பட்ட காலம். விருதுநகர், தென்காசி இருப்புப் பாதை 1927 முதலே ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாக ஓடுகிறது. அது கிருஷ்ணன்கோவிலைத் தொடாததால் இவ்வூராரின் நினைவுகளில் இரயிலைவிடச் சாலைக்கே இடம் அதிகம்.

இனி நிலத்துக்கும் நீருக்கும் வருவோம். மேற்கே தொடர்ச்சி மலை நீல மதிலாக நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலுள்ள கேரளம் வாங்கிக்கொள்ளும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே கதி. மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனமும் நெல்லும் தென்னையும். கிழக்கே போகப் போகக் கரிசலும் பருத்தியும் சோளமும் கம்பும். இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்த ஊர்களில் உயிர்நாடி கிணறுதான். இரண்டு காளைகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, கூனை நிறைய நீர் மேலே வந்து தோல் வால் வழியாகத் தொட்டியில் கொட்டும். இதற்குக் கமலை என்று பெயர். விடியுமுன் கமலை ஓட்டும் பாட்டுக் கேட்டுத்தான் விழித்தோம் என்பார்கள் மூத்தவர்கள். மின்சார மோட்டார் வந்ததும் பாட்டு நின்றது. கிணறுகள் ஆழமாயின; பிறகு ஆழ்குழாய்கள் வந்தன. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் 1970களில் எழுந்தபோது வத்திராயிருப்புப் பக்கத்துக்கு ஒரு தெம்பு பிறந்தது. “அந்தக் காலத்தில் பத்தாள் ஆழத்தில் தண்ணி” என்று தாத்தா சொல்வதைப் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். எந்தக் கிணறு, எத்தனை படி இறங்கினீர்கள், எந்த மாதத்தில் வற்றியது என்று கேளுங்கள். நிலத்தடி நீரின் வரலாறு அவ்விடையில் இருக்கிறது.

கவனித்தீர்களா? தாத்தா கிணற்றை நீரிறைக்கும் இடமாக நினைவில் வைத்திருக்கிறார். பாட்டிக்கோ அது குடம் சுமந்த தூரம். ஒரே ஊரில் வாழ்ந்த இருவருக்கு ஊர் ஒன்றாக இருப்பதில்லை. ஆண்களிடம் கேட்டால் சாலை, சந்தை, டூரிங் டாக்கீஸ், தேர்தல் என்று வரும். பெண்களிடம் கேட்டால் தண்ணீர், விறகு, உலை, பிரசவம் என்று வரும். மலையடிவாரத்தில் விறகும் புளியும் பொறுக்கப் போனதைப் பல பாட்டிமார் சொல்வார்கள். 1988இல் அக்காடு சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. அணிலுக்கும் புலிக்கும் அது நல்ல செய்தியே. விறகுக்குப் போன பெண்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைச் சொல்ல அவர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொரு நுட்பமும் உண்டு. அப்பத்தாவோ, அம்மாச்சியோ, தெலுங்கு பேசும் வீடுகளில் அவ்வாவோ, “எங்க ஊர்ல” என்று தொடங்கினால் உடனே கிருஷ்ணன்கோவில் என்று எழுதிவிடாதீர்கள். இங்கே வாழ்க்கைப்பட்டு ஐம்பது ஆண்டு ஆகியிருக்கும். பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். ஆயினும் “எங்க ஊர்” என்றால் அவர்கள் பிறந்த ஊர்தான்! அழகாபுரியோ, சுந்தரபாண்டியமோ, இராஜபாளையத்துப் பக்கம் சத்திரப்பட்டியோ. சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே பிறந்தவருக்கு இளமை நினைவு தறிச் சத்தத்தோடு வரும். வத்திராயிருப்பில் பிறந்தவருக்கு நெல் அவிக்கும் மணத்தோடு வரும். கிருஷ்ணன்கோவில் நினைவு அவர்களுக்குத் தொடங்குவது மணப்பெண்ணாக வந்து இறங்கிய அன்றைக்கு.

எந்தத் தெருவில் இருந்தார் என்பதையும் கேட்க வேண்டும். தென்மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் எல்லாக் கிணறும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. டீக்கடைகளில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை என்ற நிலையும் இருந்தது. “அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாக இருந்தது” என்று ஒருவர் மனமாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தெருவிலிருந்து பார்த்தால் அப்படித் தெரிந்தது. அடுத்த தெருவிலும் கேட்ட பிறகே ‘ஊர்’ என்ற சொல்லை நாம் எழுதலாம்.

சாப்பாட்டு நினைவுகளைச் சொல்லத் தொடங்கினால் பாட்டிமார்க்குப் பொழுது போவதே தெரியாது. கம்பங்கூழ், சோளச் சோறு, நல்ல நாளுக்கு மட்டும் நெல்லுச் சோறு. 1960களின் அரிசித் தட்டுப்பாட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த மைலோச் சோளம் ரேஷனில் கிடைத்ததையும், அது ஒருவருக்கும் பிடிக்காமல் போனதையும் இன்றைக்கும் முகம் சுளித்துச் சொல்வார்கள். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1960களில் ‘கேர்’ நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் கோதுமையும் அதற்குத் துணையாயின. மாதா கோயில்களிலும் கன்னியர் மடங்களிலும் பால் பவுடர் கரைத்துக் கொடுத்ததை, அதற்காக டம்ளரோடு வரிசையில் நின்றதை, வேற்று மதத்துப் பாட்டிமாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எனவே “பள்ளிக்கூடத்தில் கோதுமைச் சோறு” என்பவரும் “சத்துணவு” என்பவரும் ஒரு தலைமுறை இடைவெளி கொண்டவர்கள்.

இவ்வளவும் பெரியவர்கள் தாமாகவே மகிழ்ந்து சொல்பவை. கேட்டாலொழிய வெளிவராத நினைவு ஒன்று உண்டு. அது பாட்டிமாரைவிட உங்களில் பலருடைய அம்மாக்களுக்குச் சொந்தமானது.

1923ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த பூமியில் அத்தொழில் ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரிய வைத்தது. அதை மறுக்க முடியாது. வறண்ட வானிலை தீக்குச்சி உலர உதவிற்று. வேலையற்ற கைகள் மலிவாகக் கிடைத்தன. சிவகாசியையும் சாத்தூரையும் சுற்றி வளர்ந்த தொழில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கும் பரவியது. அதில் கையால் செய்ய வேண்டியவை மிகுதி. மரச் சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். இதைக் கட்டை அடுக்குதல் என்பார்கள். அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் மடித்து ஒட்ட வேண்டும். பெட்டியில் குச்சி அடைத்து லேபிள் ஒட்ட வேண்டும். விரல் சிறியதாக இருந்தால் வேலை விரைவாக நடக்கும் என்று சொல்லிச் சிறுபிள்ளைகளை, அதிலும் பெண்பிள்ளைகளை, அமர்த்தினார்கள். கூலி பெட்டிக் கணக்கில். பன்னிரண்டு டஜன், அதாவது 144 சேர்ந்தால் ஒரு குரோஸ். வீட்டுக்கு வந்த இந்த ஒரே ஒரு வெளிநாட்டுச் சொல்லைப் பள்ளிக்கூடம் போகாத சிறுமியும் பிழையின்றி எண்ணினாள்.

சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு இருட்டோடு இருட்டாக ஆலைப் பேருந்து வரும். தூங்கும் பிள்ளையை எழுப்பி, தூக்குவாளியில் பழையதைப் போட்டு அனுப்புவார்கள். பொழுது சாய்ந்த பிறகே திரும்புவாள். ஆலைக்குப் போகாதவள் வீட்டில் பசை வாளியின் முன் உட்காருவாள். அண்ணனோ தம்பியோ பள்ளிக்கூடம் போக, அக்காளின் குரோஸ் அவனுக்கு நோட்டும் புத்தகமும் ஆயிற்று. இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமன்று. மானாவாரிக் காட்டில் மழை இல்லாத வருடம் வீட்டுக்கு வரும் ஒரே காசு அதுவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காசின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறைப்பதும் நியாயமன்று.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பதினான்கு வயது நிரம்பாதவர்கள் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடுவதை அது தடுத்தது. எனினும் குடும்பத்தார் துணையோடு நடத்தும் வேலைக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கின் பொருள் நம் பக்கத்துத் திண்ணைகளுக்கு நன்றாகவே தெரியும். ஆலைக்குப் போன வேலை வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அது அக்குழந்தையின் நலனுக்கு ஆக வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2010 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் பழைய சட்டம் திருத்தப்பட்டுப் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது எத்தொழிலிலும் குற்றமாயிற்று. இதற்கிடையில் இயந்திரங்களும் வந்தன. 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. இதையும் காலம் காட்டும் காசுகளோடு குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆக, 1970களிலும் 80களிலும், ஏன் 90களின் தொடக்கத்திலும், நம் வட்டாரத்தில் சிறுமியராக இருந்தவர்கள் இன்று நாற்பது வயது முதல் அறுபத்தைந்து வயது வரை உள்ள தாய்மார், பாட்டிமார். ஆண்டு விழாவுக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்து நம் நடனத்தைப் பார்ப்பவர்கள். ஓட்டைக் காலணாவைப் பற்றிச் சொல்லும் கொள்ளுப்பாட்டி முகத்தில் இருக்கும் மலர்ச்சி இவர்கள் முகத்தில் இராது. “அதில் சொல்ல என்ன இருக்கு? வேலை பார்த்தோம்” என்பார்கள். வேலைதானே, நினைவா என்று அவர்களே எண்ணுகிறார்கள். நாமும் அப்படியே எண்ணிவிட்டால், அந்தச் சட்டங்களும் தீர்ப்பும் மட்டும் ஏட்டில் இருக்கும். யாருக்காக அவை எழுதப்பட்டனவோ அவர்கள் சொல் எங்கும் இராது.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் (1923–2021) விவசாயம் செய்துகொண்டே கரிசல் மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அச்சொற்களுக்கென்று 1982இல் ஓர் அகராதியே வெளியிட்டார். 1991இல் சாகித்திய அகாதமி பரிசு அவரைத் தேடி வந்தது. அவரிடம் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. பெரியவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுவது. கூனை என்றால் கூனை. ‘நீர் இறைக்கும் பாத்திரம்’ என்று திருத்தாதீர்கள். கட்டை அடுக்கினோம் என்றால் அப்படியே எழுதுங்கள். அருகில் விளக்கம் தனியே எழுதிக்கொள்ளலாம். சொன்னவர் வயது, பிறந்த ஊர், எந்தத் தெரு, நீங்கள் கேட்ட தேதி ஆகியவற்றை மேலே குறியுங்கள். கைபேசியில் குரலைப் பதிவு செய்வதானால் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது, பூக் கட்டும்போது, மின்சாரம் நின்ற மாலையில் கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் வராத பேச்சு, கை வேலையாக இருக்கும்போது தானாக வரும். கண் கலங்கினால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் இருக்கிறது.

எந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றீர்கள் என்று அம்மாவிடம் கேட்டால், நினைவில்லை என்று சொல்லக்கூடும். ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் ஒட்டினீர்கள் என்று கேளுங்கள். யோசிக்காமல் சொல்லிவிடுவார்.